வண்டில் திரைக்குள்ளிருந்து பிடித்த விமானங்கள்

படம் பிடிக்கிற தொழிலில் மனிதரை அசையாதிருக்கச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிவிடும். விமானத்திடம் அதைச் சொல்லவும் நேரமிருக்காது, நீங்கள் வாயைத் திறக்குமுன் அது அக்கரைப்பற்றைத் தாண்டியிருக்கும்.

வீட்டு முன் அறையில் கடையை வைத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையும் காதில் வாடிக்கையாளரின் குறையுமாகத் திரிகிற சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் தொழில் தையலாயிருக்கலாம், பாய் இழைப்பதாயிருக்கலாம். சொன்னால் உங்களுக்கு விளங்கும். எங்கள் தொழில் போட்டோ. கல்முனைப் பெரிய தெருவில் எனக்குச் சீதனமாக வந்த வீட்டின் முன் அறைதான் ஸ்டூடியோ. நெல் மூட்டை அடுக்கவென்று வாப்பா கட்டிய உள் அறை இருட்டறை. மச்சான், அதாவது என் கணவர், ஆண்களைப் பிடிப்பார். ஆண் ஒருவர் கமராவுக்குப் பின்னால் நின்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் கதிரையில் இருக்கமாட்டார்கள். ஆகையால் பெண்களை நான் பிடிப்பேன். மட்டக்களப்பு கொன்வென்ட்டில் தங்கிப் படித்த இங்கிலீசுக்கு வேறு உபயோகமில்லாதபடியால் கடைக் கடிதங்களும் என் பாடு. என் உம்மா உயிரோடில்லை, மௌத்தாகிவிட்டார். பிள்ளையைப் பார்க்க மச்சானின் உம்மா, என் மாமி, எங்களோடு வந்து இருக்கிறார்.

இதை இரவில், பிள்ளை தூங்கியபிறகு எழுதுகிறேன். சத்தம் கேட்டு எழும்பிவிடுவாளே என்ற கவலை இந்த வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஆறு மாதமாயிருந்தபோது இருட்டறைத் தட்டு ஒன்று கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. தெருவில் நின்ற நாய் குரைத்தது. இரண்டடி தள்ளிப் பாயில் கிடந்தவள் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் அவள் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன், மூடியைத் தட்டிப் பார்த்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்பது மாதமும் படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரின் வாடையை இழுத்தபடி அந்த இருட்டறையில் நின்றவள் நான். கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால், அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் எங்கள் வாடிக்கையாளர். அப்படியே நான்கு மாதம் போய்விட்டது. மகளுக்குப் பத்து மாதமானபோது விமானங்கள் வந்தன.

உதவியாளர்

ஐந்து நாட்டு விமானப் படைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மாதம் பயிற்சி செய்ய வந்திருந்தன. வயல்களுக்கு அப்பாலிருந்த ஓடுதளத்தில் எழும்பி, பாலமுனைக்கு நேரே கடலில் மிதக்கவிட்ட சிவப்புத் தெப்பங்களைச் சுட்டுவிட்டுத் திரும்புவார்கள். அவர்களோடு வந்த படக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். படங்களுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரி கல்முனையில் கமரா எங்கே இருக்கிறதென்று விசாரித்து எங்கள் கடைக்கு வந்தார். ஓடுதளத்தில் ஒருவர் வேண்டும், கடற்கரையில் ஒருவர் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் என்றார். மச்சானுக்கு இங்கிலீசு அரைகுறை. கதவுக்குப் பின்னால் நின்று நான் தமிழில் சொல்லச் சொல்ல, "எனக்கு ஒரு உதவியாளர் இருக்கிறார்" என்று மச்சான் ஒப்புக்கொண்டார். உதவியாளர் யாரென்று அதிகாரி கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கூடார வண்டிலுக்கு முன்னும் பின்னும் சேலை கட்டி, மாமியும் மகளும் நானும் பாலமுனைக் கடற்கரைக்குப் போனோம். பின்பக்கச் சேலையின் இரண்டு மடிப்புக்கு நடுவே கமராவின் மூக்கு மட்டும் வெளியே. அரைமணி நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி வண்டிலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். வண்டில்காரர் ஆதங்காக்கா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "உதவியாளர் எங்கே?" என்று இங்கிலீசில் கேட்டார் அதிகாரி. "உள்ளே" என்றேன். "வெளியே வரச் சொல்லுங்கள்." "வரமாட்டார்." "சுகமில்லையா?" "சுகம்தான். பெண்." அவர் குனிந்து கமராவின் மூக்கைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்தப் பயிற்சிக்கு வந்த ஐந்து நாட்டில் ஒழுங்காக மறைந்திருக்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்."

குணமான பிள்ளை

முதல் விமானம் தென்னை உயரத்தில் வந்தது. எஞ்சின் சத்தம் விமானத்துக்குப் பின்னால் வந்து நெஞ்சில் இடித்தது. அவிழ்த்துக் கட்டியிருந்த மாடுகளில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஒலுவில் பக்கம் ஓட, ஆதங்காக்கா அதன் பின்னால் ஓடினார். மாமி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கலிமா சொன்னார். நான் கமராவை அழுத்தினேன். படம் விழுந்ததா, வெறும் வானம் விழுந்ததா என்று அப்போது தெரியாது. பிறகு குனிந்து மகளைப் பார்த்தேன். வண்டில் பலகையில் குந்தியிருந்து வைக்கோல் துரும்பொன்றை இரண்டாகக் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது விமானம் வந்தது, மூன்றாவது வந்தது. அவளுக்கு வைக்கோலில்தான் வேலை. பக்கத்துக் குடிசைகளில் பிள்ளைகள் அலறுவது வண்டிலுக்குள் கேட்டது. மாமி காதிலிருந்து கையை எடுத்து மகளின் தலையைத் தடவினார்: "மாஷா அல்லாஹ், என்ன குணமான புள்ள கா இது! ஊரே பொரளுது, இவள்ட வாயில ஒரு அழுகை இல்லையே."

மூன்று மருக்கள்

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்திலிருக்கிற கறுத்த மரு நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கூர் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை மெதுவாக நிரப்பிவிட்டால், அச்சடித்த படத்தில் மரு இருக்காது. அம்மைத் தழும்புக்கும் அதே வைத்தியம். மூன்று வருடமாக நான் எத்தனையோ கலியாணப் பெண்களின் கன்னத்தை இப்படித் துப்புரவாக்கியிருக்கிறேன். கையும் பென்சிலும் பழகிவிட்டன. வெள்ளைப் புள்ளியைக் கண்டால் கை தானாகப் போகும்.

முதல் வாரத்து நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துத் துப்புரவு செய்து, அச்சடித்துக் காயவிட்டு, ஓரம் வெட்டிக் கொடுத்தேன். அதிகாரி ஒரு படத்தை வாசலில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு உள்ளே வந்து, இது செவ்வாய்க்கிழமை எடுத்ததா என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் கதவைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து நெகட்டிவை எடுத்துப் பார்த்தேன். தூரத்து வானத்தில் மூன்று இடத்தில் என் பென்சில் வேலை, சொல்லிவைத்தாற்போல் சுத்தம். "மரு எண்டா நெனச்சாய்?" என்று மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் டர்ப்பன்டைன் தொட்ட பஞ்சால் பென்சிலைத் துடைத்து, மூன்றையும் திரும்ப வானத்தில் விட்டு, வேறு படம் அடித்துக் கொடுத்தேன். அதிகாரி கோபிக்கவில்லை. "ஏழு விமானம் போனது, ஏழும் பத்திரமாகத் திரும்பி வந்தது. இந்தப் பயிற்சியில் இதுவரை விழுந்தவை மூன்றே மூன்று, அதுவும் உங்கள் கடையில்."

கால் இல்லாத விமானம்

மருதமுனையிலிருந்து நெசவுக்கார சுபைதா ராத்தா வந்தார். சேலைக் கரையில் விமானம் போட்டால் இந்தப் பெருநாளைக்கு நல்லாய்ப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படத்தின் மேல் கோடு போட்ட தாளை வைத்து, இறக்கைக்கு எத்தனை இழை, வாலுக்கு எத்தனை இழை என்று ஊசி முனையால் எண்ணினோம். எல்லாம் சரியாக வந்தது. ராத்தாவுக்கு மட்டும் திருப்தியில்லை. படத்தை மேலும் கீழும் திருப்பி, "இதுக்குக் காலெங்க?" என்றார். பறக்கும்போது சக்கரத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். நான் அவரை ஏய்க்கிறேனா என்று முகத்தைப் பார்த்தார். ஓடுதளத்தில் நிற்கிற விமானப் படத்தையும் காட்டினேன். அதில் கால் இருந்தது. அதைப் பார்த்து இதில் சேர்த்துக் கோடு போட்டுக்கொண்டார்.

"பறக்கிறதுக்குக் கால் இருக்கக்கூடாது ராத்தா, பார்த்தவங்க சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கிறவள் வாங்க மாட்டாள். வாங்குறவள் என்ன கேப்பாள் தெரியுமா? 'இது ராவைக்கு எங்க கா போய்க் குந்தும்?' எண்டு கேப்பாள். ரெண்டு இழை கூடினாலும் காரியமில்ல, நான் கால் வெச்சுத்தான் குடுப்பன்."

சத்தத்தைப் பிடிக்கச் சொன்னவர்

பாலமுனையில் கரைவலை போடுகிற மீராலெவ்வை முதலாளி ஒருநாள் கடைக்கு வந்தார். விமானம் சுடுகிற நாட்களில் கரையில் சிவப்புக் கொடி. மதியம்வரை வலை போகக்கூடாது. மதியத்துக்குப் பிறகு போனால் மீன் இல்லை. சத்தத்தில் மீன் போய்விட்டது என்று மனு எழுதப்போகிறார். மனுவோடு வைக்கப் படம் வேண்டும். நான் பிடித்ததில் நல்ல படமாக ஒன்றை மச்சான் எடுத்துக் காட்டினார். கீழே கடல், மேலே விமானம், நடுவில் வெயில். முதலாளி அதைக் கையில் வாங்கவேயில்லை.

"இது வடிவாத்தான் இரிக்கி. இதப் பாத்தா அவங்க சந்தோசப்பட்டு இன்னும் ரெண்டு பிளேன் அனுப்புவாங்க. சத்தம் இரிக்கிற படம் ஒண்டு தாங்க தம்பி."

"படத்தில சத்தம் விழாது முதலாளி."

"என்ட மகள்ட கலியாணப் படத்தில அவள்ட வெக்கம் விழுந்து கிடக்குதே. வெக்கம் விழுந்தா சத்தம் ஏன் விழாது?"

மச்சான் கதவுப் பக்கம் திரும்பினார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு யோசனை சொன்னேன். விமானத்தைப் பிடித்தால் சத்தம் விழாது; விமானம் போகும்போது மனிதரின் முகத்தைப் பிடித்தால் விழும். ஏன் அந்த யோசனை எனக்கு வந்ததென்று உங்களுக்குத் தெரியும். நான்கு மாதமாக ஒரு முகத்தில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். முதலாளி கதவைப் பார்த்துத் தலையசைத்தார்: "ஓம் மகள், அது சரி. நான் நாப்பது பேரக் கொண்டாந்து வரிசையா நிறுத்துறன். காதப் பொத்தாத ஒருத்தனுக்கும் அண்டைக்கு மீன் பங்கு இல்ல."

நாற்பது முகங்கள்

சொன்னபடி நிறுத்தினார். வலைக்காரர் முன்னால், அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஒதுக்கமாகப் பக்கத்தில். மாமி வேடிக்கை பார்க்க மகளைத் தூக்கிக்கொண்டு வண்டிலிலிருந்து இறங்கிப் போனதை நான் கவனிக்கவில்லை. நான்கு விமானங்கள் ஒன்றாக வந்தன. திரைக்குள்ளிருந்து ஒரே ஒரு படம்.

அடுத்த நாள் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் தாளை மருந்துத் தண்ணீரில் அமிழ்த்தி ஆட்டினேன். முதலில் இடுப்பில் கட்டிய சாரன்கள் வந்தன, பிறகு கைகள், பிறகு முகங்கள். மீராலெவ்வை முதலாளி கண்ணை இறுக்கி மூடி, வாயைப் பிளந்து நின்றார். ஒருவர் பாதி குந்திவிட்டார். ஒரு பெண் தன் காதை விட்டுவிட்டுப் பிள்ளையின் காதைப் பொத்தியிருந்தாள். நாற்பது பேரிலும் சத்தம் விழுந்திருந்தது. கடைசியாக வலப்பக்க ஓரம் தெளிந்தது. மாமி தோளை உயர்த்தி, ஒரு காதைத் தோளிலும் மறு காதைக் கையிலும் மறைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் இடுப்பில் மகள், மாமியின் மணிமாலையைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதுவரை எனக்கிருந்தது சந்தேகம். சந்தேகத்தில் ஒரு ஓரமாவது இருக்கும், ஒதுங்கி நிற்க. படத்தில் அந்த ஓரம் இல்லை.

முதலாளிக்குக் கொடுக்கிற பிரதியில் வலப்பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டிவிட்டேன். முதல் பிரதியைக் கிழிக்கக் கை வரவில்லை. படம் காய்கிற கொடியில் கடைசிப் படமாகத் தொங்கவிட்டேன். அதிகாரி வந்த அன்று மச்சான் கொடியோடு அப்படியே அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். அவர் மற்றப் படங்களை ஒதுக்கி அதையே பார்த்தார். இது யார் பிள்ளை என்று கேட்டார். "என்னுடைய மகள்" என்று மச்சான் பெருமையாகச் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. அதிகாரி சொன்னதும் கேட்டது: "இவ்வளவு பேரில் தைரியசாலி இவள் ஒருத்திதான். பெரியவளானதும் எங்களிடம் அனுப்பிவிடுங்கள்."

ஜும்ஆவுக்குப் பிறகு வந்தவர்

பாகிஸ்தான் படையில் எஞ்சின் பழுது பார்க்கிற ஒருவர், வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் தொழ வந்தார். ஊரார் அவருக்குப் பந்திபோட்டுச் சாப்பாடு கொடுத்து, அவர் பேசிய உருதுவில் ஒரு சொல்லும் விளங்காமல் ஒரு மணி நேரம் தலையாட்டிவிட்டு, ஊரிலிருக்கிற தன் உம்மாவுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று அவர் சைகையில் காட்டியதும் எங்கள் கடையில் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல உயரம், நல்ல மீசை. கதிரையில் இருந்தார். மச்சான் சிரிக்கச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னாலிருந்து இங்கிலீசில் சொன்னேன். சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் வந்தவர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

நாள் முழுக்க ஜெட் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றால் காது அடைத்துக்கொள்ளுமாம். பயிற்சிக்கென்று வந்திருக்கிற டொக்டர் மாலையில் முள்ளுக்கரண்டிபோல் இரண்டு கிளையுள்ள இரும்புக் கவை ஒன்றை முழங்காலில் தட்டி, அது இரையும்போது காதுக்குப் பக்கத்தில் பிடிப்பாராம். கேட்காதவரை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்திவிடுவாராம். "சின்னப் பிள்ளைகளுக்கும் பார்ப்பாரா?" என்று கேட்டேன். அவர் பஞ்சைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் சத்தமாகக் கேட்கலாம். மாமி அடுப்படியில் நிற்கிறார், இங்கிலீசில் நான்கு சொல் அவருக்கும் தெரியும், அதில் ஒன்று 'பேபி'. விட்டுவிட்டேன். வாசலில் நின்று அவர் கதவைப் பார்த்துச் சொன்னார்: "சிஸ்டர், எனக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது என்று தெரிந்தால் உம்மா அழுவார். படத்தில் அதெல்லாம் தெரியாதுதானே?"

இரும்புக் கவை

படங்களைக் கடைசியாக ஒப்படைக்கிற வேலை வந்தது. வழக்கம்போல் கடிதம் நான் எழுதினேன்: படங்கள் இத்தனை, ஆல்பம் இத்தனை, வியாழக்கிழமை பத்து மணிக்கு எடுத்துக்கொள்ளலாம். கீழே இடம் மீந்திருந்தது. கவை வைத்திருக்கிற டொக்டரும் தயவுசெய்து கூட வரவேண்டும், ஒரு பிள்ளையின் காது பார்க்க, என்று ஒரு வரி சேர்த்தேன். மச்சான் வழக்கம்போல் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை அதிகாரியோடு நரைத்த மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவரும் இறங்கினார். "இவர் யாரு?" என்று மச்சான் என்னைக் கேட்டார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் வந்தேன். மூன்று வருடத்தில் ஆண்கள் இருக்கும்போது நான் அந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல்தரம். மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். தட்டு விழுந்தது, கைதட்டியது, நாற்பது முகங்கள், எல்லாம். அவர் ஆல்பத்தைக் கையில் வைத்தபடியே நின்றார்.

டொக்டர் மகளுக்குப் பின்னால் நின்று கைதட்டினார், சாவிக்கொத்தை ஆட்டினார். அவள் அதிகாரியின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவையைத் தட்டி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் பக்கத்தில் பிடித்தார். ஒன்றுமில்லை. பிறகு அதன் காம்பைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்தார். மகள் பொத்தானை விட்டாள். கண் அகன்றது. அவர் கையை எடுக்க, இவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டாள்.

"கேட்கிறாளா?" என்றேன்.

"கேட்கிறாளா, அதிர்வைத் தொட்டு உணர்கிறாளா என்று என்னால் சொல்லமுடியாது. நான் பெரியவர்களின் காது பார்க்கிறவன். கொழும்பில் காது டொக்டருக்கு ஒரு கடிதம் தருகிறேன். ஆனால் காற்றில் வருகிற சத்தம் இவளிடம் வந்து சேரவில்லை. அது உறுதி."

இருட்டறையைப் பற்றிக் கேட்டேன். ஒன்பது மாதமும் அந்த வாடையில் நின்றதைச் சொன்னேன்.

"அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்தீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் அந்தக் கவலையைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். இனி இவளோடு பேசும்போது இவள் பார்க்கிற இடத்தில் நின்று பேசுங்கள். உங்கள் முகம் இவளுக்கு நன்றாகத் தெரியவேண்டும்."

மாமி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். "என்ன கா சொல்றாரு?" என்றார். சொன்னேன். என் இருட்டறையைச் சொல்லுவார், என் படிப்பைச் சொல்லுவார், விமானத்துக்குக் கீழே பிள்ளையைக் கொண்டுபோனதைச் சொல்லுவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் தரையில் குந்தி, மகனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப, பிறந்தண்டு நீ இவள்ட காதில சொன்ன பாங்கு?"

மச்சான் ஆல்பத்தை மேசையில் வைத்தார். "காதோட வாய வெச்சுத்தான் உம்மா சொன்னன்." என்ன நடக்கிறது என்று டொக்டர் என்னைக் கேட்டார். எங்களில் ஒரு பிள்ளை பிறந்ததும் அதன் காதில் முதலாவதாகச் சொல்கிற தொழுகை அழைப்பு, அந்தச் சொற்கள் இவளுக்குப் போயிருக்குமா என்று கேட்கிறார்கள் என்றேன். அவர் கவையைப் பையில் போட்டார். தனக்குத் தெரியாது என்றார்.

"அவருக்குத் தெரியாட்டி விடு. மகனே, இஞ்ச வா. அந்த மனிசன் இரும்ப வெச்ச எடத்தில வாய வெச்சு இன்னொருக்காச் சொல்லு."

மச்சான் இரண்டு வெள்ளைக்காரருக்கு முன்னால், சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்து, மகளின் காதுக்குப் பின்னால் உதட்டை வைத்துப் பாங்கு சொன்னார். முதல் வரி முடியவில்லை, அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். அவருடைய தாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, கடைசி வரிவரை அப்படியே இருந்தாள். அதிகாரி தொப்பியைக் கழற்றியிருந்தார். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்: "அண்டைக்கு எடம் மாறிப் போச்சு. இப்ப விழுந்திட்டு."

விமானங்கள் போய்விட்டன. கொழும்புக்கான கடிதம் அலுமாரியில் இருக்கிறது. வெள்ளாமை வெட்டு முடிந்ததும் மூன்று பேருமாக மகளைக் கொண்டுபோகப் போகிறோம்.

இப்போதெல்லாம் மகளோடு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து என் முகத்தில் விழுகிறது என்று பார்த்து, இரண்டடி முன்னே பின்னே நகர்ந்து நின்றுதான் வாயைத் திறக்கிறேன். இத்தனை வருடம் பழகிய தொழிலில் வீட்டுக்கு உதவியது அந்த ஒன்றுதான்.